ஆறு மாத ராஜா

எங்கள் ராஜா ஆறு மாதத்துக்குத்தான் ராஜா. அதற்கு அப்புறம் அவரும் சுத்தியலைத் தூக்கிக்கொண்டு கூடாரத்துக்கு முளை அடிக்க வரவேண்டியதுதான்.

இதை அலுவலகத்தில் சொன்னால் சிரிக்கிறார்கள். நாற்பதைத் தொட்ட ஐடி ஆசாமி வார இறுதியில் ஐரோப்பிய இடைக்காலத்தை நடித்துப் பார்க்கும் குழுவோடு சேர்ந்து இரும்புத் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு பிரம்பு வாளால் அடி வாங்கிவிட்டு வருகிறான் என்பதே அவர்களுக்குப் போதுமான வேடிக்கை. இதில் ராஜா ராணி வேறு என்றால் கேட்கவா வேண்டும்! ஆனால் ஒரு கூட்டத்தை யார் நடத்துகிறார்கள், மற்றவர்கள் ஏன் அவர் சொல்வதைக் கேட்கிறார்கள் என்பதை, சம்பளம் வாங்கும் இடத்தைவிட இந்த மைதானத்தில்தான் நான் தெளிவாகப் பார்த்திருக்கிறேன்.

புதியவர்களுக்குச் சின்ன அறிமுகம். சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனாக்ரனிசம், சுருக்கமாக எஸ்.சி.ஏ. 1966 மே 1 அன்று கலிஃபோர்னியாவின் பெர்க்லியில், ஒரு வீட்டின் பின்புறத் தோட்டத்தில் நண்பர்கள் சிலர் இடைக்காலப் பாணியில் வாட்போட்டி வைத்தார்கள். அது வளர்ந்து இன்று உலகத்தையே ராஜ்ஜியங்களாகப் பங்கு போட்டு வைத்திருக்கிறது. ஐரோப்பா டிராக்கன்வால்ட். ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் சேர்ந்தது லோக்காக். அதற்குள் சிட்னியில் இருக்கும் எங்கள் ஊர்க் குழு ரோவனி. கான்பெராக்காரர்கள் பொலிடார்க்கோபோலிஸ் என்று வாயில் நுழையாத பெயர் வைத்துக்கொண்டு அதில் பெருமை வேறு பட்டுக்கொள்கிறார்கள்.

லோக்காக்குக்கு 2002 வரை சொந்த ராஜா கிடையாது. கலிஃபோர்னியாவை மையமாகக் கொண்ட மேற்கு ராஜ்ஜியத்தின் கீழ் ஒரு இளவரசு நாடாகத்தான் இருந்தது. இங்கே இளவரசர் ஒருவர் இருப்பார். ஆனால் ஒருவருக்கு நைட் என்ற மாவீரர் பட்டம் தரும் அதிகாரம் பசிபிக் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்த ராஜாவுக்கே. அந்தக் காலத்து ஆட்கள் சிலர் இன்னும் எங்களோடு பயிற்சிக்கு வருகிறார்கள். ராஜா எங்கேயோ இருந்ததால் இவர்கள் எதற்கும் மேலே பார்த்துக்கொண்டு நிற்கப் பழகவில்லை. மழை வந்தால் கயிற்றை இழுத்துக் கட்டு, அவ்வளவுதான். இப்போது உள்ளூரிலேயே ராஜா வந்துவிட்ட பிறகும் அந்தக் குணம் போகவில்லை என்பது என் கணிப்பு.

சரி, ராஜா எப்படி ஆவது? கிரவுன் டோர்னமென்ட் என்ற வாட்போட்டியில் ஜெயிக்க வேண்டும். வருடத்துக்கு இரண்டு முறை நடக்கும். ஒவ்வொருவரும் தன் துணைக்காக என்று அறிவித்துவிட்டுத்தான் களத்தில் இறங்க முடியும். ஜெயித்தவரும் துணையும் முதலில் பட்டத்து வாரிசுகள், சில மாதம் கழித்து அரசர் அரசி. வாள் வீசத் தெரிந்தவனுக்கு ஆளத் தெரியுமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சிலருக்குத் தெரியாது. அதனால்தான் ஆறு மாதம்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் அடியின் கணக்கு. களத்தில் மார்ஷல்கள் இருப்பார்கள், பாதுகாப்புக்கு அவர்கள் பொறுப்பு. ஆனால் அடி சரியாக விழுந்ததா என்று அவர்கள் தீர்ப்புச் சொல்வதில்லை. வாங்கியவன்தான் சொல்ல வேண்டும். கையில் பட்டால் அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு சண்டை போடு. காலில் பட்டால் முட்டி போடு. தலையிலோ உடம்பிலோ பலமாக விழுந்தால் நீ செத்தாய், நீயே சொல்லிக்கொண்டு விழு. ராஜாவுக்கும் இதே விதிதான். அடியை ஒத்துக்கொள்ளாமல் நிற்பவனை எங்கள் வட்டத்தில் காண்டாமிருகத் தோல்காரன் என்பார்கள். அந்தப் பெயர் ஒருமுறை ஒட்டிவிட்டால் கிரீடம் வைத்தாலும் போகாது. ஒரு ராஜாவுக்கு இப்படிப் பேர் ஒட்டியதை நான் பார்த்திருக்கிறேன். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. அவர் சபைக்கு வந்தபோது எல்லோரும் எழுந்து நின்றார்கள், குனிய வேண்டிய இடத்தில் குனிந்தார்கள். ஆனால் சாயங்காலம் அவர் கூடாரத்துப் பக்கம் அரட்டைக்கு ஒரு ஈ காக்காய் போகவில்லை.

இன்னொன்று, 'ஹோல்ட்' என்ற கத்தல். யார் வேண்டுமானாலும் கத்தலாம். கயிற்றுக்கு வெளியே நின்று வேடிக்கை பார்க்கிறவர்கூட. கேட்ட கணத்தில் அத்தனை பேரும் உறைந்து நிற்க வேண்டும். ஈஸ்டர் விடுமுறையில் நடக்கும் ரோவனி ஃபெஸ்டிவல்தான் எங்களுடைய பெரிய கூடுகை. அங்கே ஒரு கேடயச் சுவர்ச் சண்டையில் நான் முதல் வரிசையில், வலது ஓரத்தில். என் கேடயத்தின் விளிம்பு இடப்பக்கத்து ஆளின் கேடயத்தோடு ஒட்டியிருக்க, பின்னால் நின்ற ஈட்டிக்காரர் என் தோளுக்கு மேலாக ஈட்டியை நீட்டி, "இடது, இடது, தலையைத் தாழ்த்து" என்று காதுக்குள் ஓட்டிக்கொண்டே இருந்தார். தலைக்கவசக் கம்பிகளுக்கு நடுவே எனக்குத் தெரிந்தது டக்ட் டேப் சுற்றிய நாலு வாளும் நிறைய தூசியும்தான். எதிரணியில் முன்னால் நின்று தள்ளிக்கொண்டிருந்தவர் ராஜாவேதான். சுவர் சரியப் போகிற நேரத்தில் மெல்லிய குரலில் ஒரு ஹோல்ட். அன்றுதான் முதல் தடவையாகக் கவசம் போட்டிருந்த ஒரு கல்லூரிப் பெண். பக்கத்தில் ஒருவருக்குத் தாடைப்பட்டை அவிழ்ந்து தலைக்கவசம் கழன்றுகொண்டிருந்ததை அவர் மட்டும் கவனித்திருக்கிறார். இரண்டு அணியும் நின்ற இடத்திலேயே முட்டி போட்டது. ஜெயிக்கப் போகிற சண்டை நின்றுவிட்டதே என்று ராஜா ஒரு முணுமுணுப்புக்கூடக் காட்டவில்லை. பட்டையை மாட்டி முடித்ததும் அந்தப் பெண்ணைப் பார்த்துக் கையை உயர்த்திவிட்டு, பழைய இடத்துக்கே திரும்பிப் போய் நின்றார். அன்று அவர் அணிதான் தோற்றது. எப்படியோ எங்கள் சுவர் தாங்கிவிட்டது.

கிரீடக் கதை இவ்வளவுதான். வண்டி ஓடுவது வேறு ஆளால். அவர் பெயர் செனஷல். ஒவ்வொரு ஊர்க் குழுவுக்கும் ஒருவர் உண்டு. கூடம் பதிவு செய்வது, உறுப்பினர் அட்டை, காப்பீட்டுக்கான கையெழுத்துப் படிவம், காலாண்டு அறிக்கை எல்லாம் அவர் தலையில். சட்டப்படிப் பார்த்தால் ஆஸ்திரேலியாவில் நாங்கள் ஒரு நிறுவனத்தின் உறுப்பினர்கள், நியூசிலாந்துக்காரர்கள் வேறொரு அமைப்பின் உறுப்பினர்கள். ராஜா ஒருவர், சட்டம் இரண்டு. இந்தச் சிக்கலை ராஜா வாளால் வெட்டித் தீர்க்க முடியாது. செனஷல்கள்தான் மின்னஞ்சலில் மாய்ந்து மாய்ந்து தீர்க்கிறார்கள். எங்கள் செனஷல் பகலில் பள்ளி நூலகர். வாளைக் கையால் தொட்டதில்லை. ஆனால் அவர் "இந்தக் கூடாரம் தீயணைப்பு வண்டி வரும் வழியில் இருக்கு, நகர்த்துங்க" என்றால் மாவீரர்கள் நாலு பேர் பேசாமல் நகர்த்துவார்கள்.

இந்த மாதிரி உழைப்புக்கும் உயர்ந்த பட்டம் உண்டு என்பதில்தான் எஸ்.சி.ஏ.வின் புத்திசாலித்தனம் தெரிகிறது. சண்டைக்கு வெள்ளை இடுப்புப்பட்டை கட்டிய நைட் என்றால், சேவைக்கு பெலிகன். தன் மார்பைக் கொத்தி ரத்தத்தால் குஞ்சுகளுக்கு ஊட்டுவதாக இடைக்காலத்தில் நம்பிய அந்தப் பறவைதான். கைத்தொழிலுக்கும் கலைக்கும் லாரல். மூன்றும் சம அந்தஸ்து. வருடக்கணக்கில் விருந்துச் சமையலறையில் வெந்த ஒருவர் பெலிகன் வாங்குகிற அன்று, கூடத்தில் எழுகிற சத்தம் கிரவுன் டோர்னமென்ட் இறுதிச்சுற்றுக்குக்கூட எழாது.

இன்னொரு நுணுக்கம். நைட் ஆனவர் ராஜாவுக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய வேண்டும். அதில் மனம் ஒப்பாதவருக்கு மாஸ்டர் ஆஃப் ஆர்ம்ஸ் என்று தனிப் பட்டம் இருக்கிறது. அதே மரியாதை, பிரமாணம் மட்டும் கிடையாது. எனக்குச் சொல்லிக்கொடுப்பவர் அப்படி ஒருவர். ஏன் என்று கேட்டேன். "பாதி ராஜாக்களுக்கு வாள் பிடிக்கக் கற்றுக்கொடுத்ததே நான்தான். அவர்கள் காலில் போய் விழவா?" என்றார். சொல்லிவிட்டு, அப்போதைய ராஜாவின் அறுந்துபோன தோள்வாரைத் தைத்துக்கொடுக்க ஊசியோடு போய்விட்டார்.

அமெரிக்காவில் 1972 முதல் நடக்கும் பென்சிக் போர் மாதிரி ஆயிரக்கணக்கானோர் கூடும் கூட்டம் எங்களிடம் இல்லை. தோற்ற ராஜ்ஜியத்துக்கு பிட்ஸ்பர்க் நகரம் தண்டனையாகப் போகும் என்று அங்கே ஒரு பழைய கிண்டல் உண்டு. இங்கே தோற்றவர்கள் பாத்திரம் கழுவப் போகிறார்கள், ஜெயித்தவர்களும் போகிறார்கள். போன விருந்தில் தொட்டிக்கு முன்னால் எனக்கு இடப்பக்கம் நின்று எண்ணெய்ப் பிசுக்குச் சட்டியைச் சுரண்டியவர் முன்னாள் ராஜா. வழக்கப்படி அவருக்கு கவுன்ட் பட்டம் உண்டு, கிரீடமும் வைத்துக்கொள்ளலாம். அன்று வைத்திருந்தார். அடிக்கடி கண்ணில் சரிந்துகொண்டே இருந்ததால் கடைசியில் கழற்றி ஜன்னல் மேடையில், ஸ்பாஞ்சுக்குப் பக்கத்தில் வைத்தார்.

அடுத்த கிரவுன் டோர்னமென்ட்டுக்கு இப்போதே கவசத்தைத் தட்டிச் சரிசெய்ய ஆரம்பித்துவிட்டார்கள். யார் யாரோடு மோதுவார்கள் என்று பயிற்சி முடிந்ததும் ஒரே கணிப்புத்தான். இதற்கிடையில் எங்கள் செனஷலின் பதவிக்காலம் முடிகிறது. அடுத்தவர் வேண்டும் என்று அறிவிப்புப் போட்டுப் பல வாரமாகிறது, ஒரு விண்ணப்பம் வரவில்லை. சிட்னியில் இருந்து இதைப் படிக்கிற யாருக்காவது ஆசையிருந்தால் எனக்கு எழுதுங்கள். கவசம் தேவையில்லை, எக்செல் தெரிந்தால் போதும்.