மாகாணியைத் தேடிய மத்தியானம்

போன ஆனி மாதம். குற்றாலத்தில் சீசன் தொடங்கி நாலைந்து நாள் ஆகியிருந்தது. செங்கோட்டையிலும் சாரல் விடாமல் தூறிக்கொண்டிருந்தது. பம்புளியிலிருந்து ஓர் அண்ணாச்சி, பிளாஸ்டிக் பையில் நாலு மடிப்பாகச் சுற்றிய காகிதக் கட்டோடு வந்தார். "எம்மா, அப்பா இல்லையா? இது எங்க தாத்தா காலத்து ஆதாரம். இதுல கிணத்துப் பங்கு எம்புட்டுன்னு மட்டும் பாத்துச் சொல்லு" என்றார்.

அப்பா பத்திர எழுத்தர். நான் ஆன்லைன் வேலைகளைப் பார்த்துக்கொள்கிறேன். அம்மாவுக்குப் புனலூர் என்பதால் எனக்கு மலையாளம் வாசிக்க வரும். எங்கள் ஊரான செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் பக்கம் இருந்தது. அதனால் இங்கே பழைய நிலப் பத்திரம் என்றாலே பெரும்பாலும் மலையாளம்தான், அதுவும் 1971 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய கூட்டெழுத்துகளோடு. அண்ணாச்சி கொண்டு வந்தது மலையாளக் கணக்கான கொல்லம் ஆண்டில் 1098, மேட மாதம். ஆங்கில ஆண்டு தெரிய, தை பிறந்த பிறகு வரும் மாதங்களுக்கு 825 கூட்ட வேண்டும். ஆகவே 1923 சித்திரை.

கிணற்றுப் பங்கு எண்ணில் இல்லை, ஒரு குறியாக இருந்தது. அது அரைக்காலா, மாகாணியா என்று எனக்குத் தெளிவாகவில்லை. அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று, மாகாணி என்றால் பதினாறில் ஒன்று. ஒரு குறியில் பங்கு பாதியாகிவிடும்.

அந்தக் குறிகளின் அட்டவணை என்னிடம் இருந்தது. மலையாளப் பின்னக் குறிகளில் கால், அரை, முக்கால் மூன்றும் கணினி எழுத்துகளுக்கான பொதுத் தரமான யூனிகோடில் முதலில் சேர்ந்தன. மாகாணி, அரைக்கால் போன்ற சின்னப் பின்னங்கள் 2016இல் வந்த ஒன்பதாம் பதிப்பில் சேர்ந்தன. யூனிகோட் அமைப்பின் மலையாள அட்டவணையில் ஒவ்வொரு குறியும் படத்தோடும் பெயரோடும் இருக்கிறது. அதை முந்தின வருடமே பிரவுசரில் புக்மார்க் போட்டு வைத்திருந்தேன். 'மாகாணி' என்று தேடினேன். இல்லை. 'மலையாளம்', 'பின்னம்', இல்லை. 2,300 புக்மார்க்குகளில் அது 'யூ0டி00 டாட் பிடிஎஃப்' என்ற கோப்புப் பெயரோடு உட்கார்ந்திருந்தது. தேதி வாரியாக உருட்டி உருட்டிக் கண்டுபிடிக்க நாற்பது நிமிடம் ஆனது. மாகாணிதான். அப்பாவும் வந்து கையெழுத்தைப் பார்த்து உறுதி சொன்னார். அதற்குள் அண்ணாச்சி போக வேண்டிய மூன்று மணி பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸுக்கு மழையில் நின்றார். எனக்கு அது பொறுக்கவில்லை.

அன்று ராத்திரி லேப்டாப்பில், புக்மார்க்குகளைச் சேமித்துத் தேடித் தரும் புக்கு என்ற மென்பொருளைப் போட்டேன். அருண் பிரகாஷ் ஜனா என்பவர் தொடங்கியது, இலவசம். உபுண்டு இயங்குதளத்தில் ஆப்ட் இன்ஸ்டால் கட்டளை ஒன்றே போதும். டெர்மினல் என்ற எழுத்துத் திரையில் கட்டளை தட்டித்தான் பயன்படுத்த வேண்டும். சேமிப்பது எல்லாம் எஸ்க்யூலைட் தரவுத்தளக் கோப்பு ஒன்றுக்குள் போகிறது. என் லேப்டாப்பில் நாலு ஜிபி ராம்தான். பிரவுசர் திறப்பதற்குள் கட்டளை வரியில் தேடி முடித்துவிடலாம். சாரல் காலத்தில் கரண்ட் போய்விட்டு வரும். பேட்டரியும் போன் ஹாட்ஸ்பாட்டும்தான் கைவசம் இருக்கும். தேட இணையமே வேண்டாம் என்பது அப்போது பெரிய உதவி.

'ஏஐ' என்ற இறக்குமதிக் கட்டளையைக் கொடுத்தால் பயர்பாக்ஸிலும் குரோமிலும் இருப்பதை அதுவே எடுத்துக்கொள்கிறது. ஆட்டோ இம்போர்ட் என்பதன் சுருக்கம் அது, செயற்கை அறிவு இல்லை. போல்டர் பெயர்களைக் குறிச்சொல்லாக (டேக்) போடவா என்றும் கேட்கும். ஆம் என்றேன். ஒரே முகவரியை இரண்டு தடவை வைத்துக்கொள்ளாது என்பதால் 2,300 என்பது 1,700க்குக் கொஞ்சம் மேலாக இறங்கியது.

இதெல்லாம் வசதி. என் பழக்கத்தை மாற்றியது வேறு ஒன்று. பிரவுசரில் நட்சத்திரத்தை அமுக்கினால் பக்கம் தனக்குத்தானே வைத்துக்கொண்ட பெயரோடு சேமிப்பாகிறது. புக்குவில் சேர்க்கும்போது 'மைனஸ் ஏ' போட்டு முகவரி, அதன் பின்னால் கமா போட்டுக் குறிச்சொற்கள், 'மைனஸ் சி' போட்டு நம் குறிப்பு. எல்லாம் ஒரே வரியில் தட்டுகிறேன். அந்த வரியைத் தட்டும் நேரத்தில் "நாளைக்கு இதை எந்த வார்த்தையில் தேடுவேன்?" என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. பிடிஎஃப் என்றால் தலைப்பையும் அது எடுத்து வராது, நாம் எழுதியதுதான் கதி.

இது அப்பாவின் நீல நோட்டில் நான் சின்ன வயதிலிருந்து பார்த்த முறைதான். அவர் எழுதிக் கொடுத்த பத்திரங்களின் விவரம் அதில் இருக்கும். ஆவண எண் ஓரத்தில் சின்னதாக இருக்கும். பெரிய எழுத்தில் இருப்பது 'புளியரை வாழைத்தோப்பு, அக்கா தங்கை பாகம்' என்பது மாதிரி. வருகிறவர்கள் ஆவண எண்ணைச் சொல்லிக் கேட்பதில்லை. "அன்னைக்கு அக்காவும் நானும் வந்தோமே" என்றுதான் கேட்பார்கள். அவர்கள் கேட்கப்போகிற வாயால் அப்பா எழுதி வைத்தார். தமிழ்நாட்டில் பட்டா பார்க்கும் அரசுச் சேவைக்கு 'எங்கிருந்தும் எந்நேரமும்' என்று பெயர். நல்ல பெயர்தான், ஆனால் அவசரத்தில் அந்தப் பெயரா ஞாபகம் வரும்? என் குறிப்பு: 'பட்டா சிட்டா பார்க்க, சர்வே எண் போட்டு'.

இரண்டு மாநில வேலை என்பதால் சொல் விஷயத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. இங்கே நாம் வில்லங்கச் சான்று என்பதை மலையாளத்தில் பாத்யதா சர்டிபிகேட் என்பார்கள். நாம் பத்திரம் என்பது அங்கே ஆதாரம். நம் ஊரில் ஆதாரம் என்றால் ஆதார் அட்டையை நீட்டுகிறார்கள். அங்கே நிலம் என்றால் வயல், மற்றது புரயிடம். இங்கே நஞ்சை, புஞ்சை. போல்டரில் ஒரு சுட்டி ஓர் இடத்தில்தான் இருக்க முடியும். குறிச்சொல்லில் 'வில்லங்கம்', 'பாத்யதா' இரண்டையும் ஒரே சுட்டிக்குப் போடலாம். தேடும்போது இரண்டு குறிச்சொல்லுக்கு நடுவே கூட்டல் குறி போட்டால் இரண்டும் உள்ளது மட்டும் வரும், கமா போட்டால் ஏதாவது ஒன்று உள்ளது வரும். 'வில்லங்கம்' கூட்டல் 'கேரளா' என்று தட்டினால் எண் போட்டு இரண்டு மூன்று வரி வரும். எண்ணைத் தட்டினால் பிரவுசரில் பக்கம் திறக்கும்.

தமிழில் தேடுகிறவர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இதற்காக நான் இரண்டு ராத்திரி கண் விழித்தேன். குறிப்பில் 'தமிழ் அகராதி' என்று எழுதி வைத்துவிட்டு, 'மைனஸ் எஸ்' போட்டுத் 'தமிழ்' என்று தேடினால் ஒன்றும் வரவில்லை. ஆனால் 'தமிழ்நாடு' என்று எழுதியிருந்த சுட்டிகள் எல்லாம் வந்தன! காரணம் பைத்தான் என்ற நிரல் மொழியில் இருக்கிறது. புக்கு பைத்தானில் எழுதியது. நான் வைத்திருந்த பதிப்பு, கொடுத்த சொல்லின் இரண்டு பக்கமும் சொல் எல்லை இருக்கிறதா என்று பார்த்துத்தான் தேடியது. பைத்தானில் சொல் தேடும் கருவியான ரெஜெக்ஸ், உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் எழுத்தாகக் கணக்கில் எடுப்பதில்லை. 'தமிழ்' என்ற சொல்லை அது 'தம', 'ழ' என்று இரண்டு துண்டாகப் பார்க்கிறது. கடைசிப் புள்ளியும் அதன் பின்னால் வரும் இடைவெளியும் அதற்கு ஒரே சாதி, நடுவில் எல்லை இல்லை. புள்ளிக்குப் பின்னால் 'நா' வந்தால் மட்டும் எல்லை தெரிகிறது. பட்டா, பத்திரம், வரி, கிணறு என்று நாம் தேடுகிற சொல்லில் பெரும்பாலானவை குறியிலோ புள்ளியிலோதான் முடிகின்றன. அத்தனையும் மாட்டும்.

வழி இருக்கிறது. 'டீப்' என்ற விருப்பத்தைச் சேர்த்துக்கொண்டால் சொல்லின் நடுவில் இருந்தாலும் பிடிக்கும். எப்போதும் அதோடே ஓடும்படி ஷெல்லில் ஓர் அலியாஸ், அதாவது சுருக்கக் கட்டளை, எழுதிக்கொண்டேன். குறிச்சொல் தேடலில் இந்தத் தொல்லை இல்லை. அது கமாவுக்குக் கமா ஒப்பிடுகிறது. டெர்மினலில் தமிழ் சீராகத் தெரியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 'கொ'வின் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் விலகி நிற்கும். வாசிக்க முடிகிறது. எனக்கு அது போதும்.

நான் பட்ட இன்னும் இரண்டு அடி. முதலாவது, ஒவ்வொரு சுட்டிக்கும் புக்கு கொடுக்கும் பதிவு எண். ஆரம்பத்தில் அடிக்கடி தேவைப்படும் சுட்டிகளின் எண்ணை மானிட்டர் ஓரத்தில் ஒட்டி வைத்திருந்தேன்: 12 என்றால் கொல்லம் ஆண்டு மாற்றி, 31 என்றால் குண்டர்ட் அகராதி. (1872இல் வந்த அந்த மலையாள அகராதி இல்லாமல் பழைய பத்திரம் வாசிக்க நான் துணிய மாட்டேன். இன்று அதைத் தூபிங்கன் பல்கலைக்கழகத் தளத்தில் பார்க்கலாம்.) ஒருநாள் 12ஐ அழித்தேன் என்று வையுங்கள், கடைசி எண்ணில் இருக்கும் பதிவு வந்து அந்த 12இல் உட்கார்ந்துகொள்ளும். சர்வே எண்ணோடே வாழ்கிற எனக்கு எண் என்றால் நிலைத்தது என்ற எண்ணம். ஒட்டிய சீட்டைக் கிழித்துப் போட்டேன். எண்ணை நம்பாதீர்கள், குறிச்சொல்லை நம்புங்கள்.

இரண்டாவது, 'மைனஸ் யூ'. தலைப்புகளைப் புதுப்பிக்கலாம் என்று எண் கொடுக்காமல் தட்டிவிட்டேன். அது வரிசையாக எல்லாத் தளத்துக்கும் போய், நான் உட்கார்ந்து தமிழில் வைத்த தலைப்புகளின் மேல் 'ஹோம்', 'முகப்பு', 'வெல்கம்' என்று எழுதிக்கொண்டே வந்தது. கண்டதும் நிறுத்தியும் இருநூற்றுச் சொச்சம் போயிற்று. 'இம்மியூட்டபிள்' என்ற விருப்பத்தை ஒன்று என்று வைத்தால் அந்தப் பதிவை அது தொடாது என்று அப்புறம்தான் படித்தேன். ஆனால் குறிப்பும் குறிச்சொல்லும் அப்படியே இருந்தன. தலைப்பு பக்கத்துக்குச் சொந்தம், குறிப்பு எனக்குச் சொந்தம் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. இப்போது வாரம் ஒரு தடவை அந்த ஒற்றைக் கோப்பைப் பென்டிரைவில் நகல் எடுக்கிறேன். மாதம் ஒரு தடவை எச்டிஎம்எல்லாக ஏற்றுமதி செய்துவைக்கிறேன். அதை எந்த பிரவுசரும் வாங்கிக்கொள்ளும்.

செத்த சுட்டிகள் தனிக் கதை. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானது. அதுவரை திருநெல்வேலி மாவட்டப் பக்கங்களுக்குப் போட்டு வைத்திருந்த சுட்டிகளில் பல எங்களுக்கு உதவாமல் போயின. அழிப்பதற்கு முன்னால் 'கேஷ்டு' என்ற கட்டளையைக் கொடுத்துப் பார்க்கிறேன். இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் பழைய பிரதி இருந்தால் அது திறக்கும். விண்ணப்பப் படிவங்களில் பாதி அப்படித்தான் கிடைத்தன.

இறக்குமதி ஆனதில் குறிப்பு எழுதாமல் கிடப்பவை இன்னும் முந்நூறு இருக்கும். ராத்திரி சாப்பிட்ட பிறகு பத்துப் பத்தாக எடுத்துக் குறிப்பு எழுதுகிறேன். ஒவ்வொன்றையும் திறந்து, எதற்கு வைத்தேன் என்று பார்த்து, வேண்டாததைக் கழித்துக்கொண்டு வருகிறேன். நேற்று 'முக்கியம்' என்ற குறிச்சொல் மட்டும் இருந்த ஒரு சுட்டி வந்தது. திறந்தால் பக்கம் இல்லை. காப்பகத்தில் இருந்தது. செங்கோட்டை–புனலூர் மீட்டர் கேஜ் வண்டியின் நேர அட்டவணை. பாதையை மாற்ற 2010இல் அந்த வண்டியை நிறுத்தினார்கள். அகலப் பாதையில் முழுசாக வண்டி ஓட 2018 ஆகிவிட்டது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஆரியங்காவு, தென்மலை என்று ஒவ்வொரு நிறுத்தமாக விரல் வைத்து வாசித்தாள்.

காப்பக முகவரியையே புதுப் பதிவாகச் சேர்த்தேன். குறிச்சொல் 'ரயில், புனலூர்'. குறிப்பு: 'அம்மா ஊருக்குப் போகிற பழைய வண்டி, நேரம்'.