வெள்ளிக்கிழமைச் சொற்கள்

ஜூன் 6, வெள்ளி

ஒவ்வொரு வெள்ளியும் ஒரு சொல் தருவார்கள், அந்த வாரத்துக்குள் அதைப் பேனா மையில் வரைய வேண்டும். இந்த வாரச் சொல் வந்துவிட்டது. கயிறு.

நல்ல சொல். கேட்டதுமே எல்லோர் கையும் முடிச்சுக்குத்தான் போகும். அப்புறம் ஊஞ்சல், கிணறு, கப்பல். வழக்கம்போல நோட்டின் ஓரத்தில் தோன்றியதையெல்லாம் எழுதிக்கொண்டே போய், மேலே இருப்பவற்றை முதலில் அடித்தேன். சட்டென்று வருவது எல்லோருக்கும் வரும். பட்டியலின் அடியில், இனி ஒன்றும் இல்லை என்று தோன்றும்போது வருவதைத்தான் நான் நம்புகிறேன். கடைசியில் நின்றது: பிரிந்துகொண்டிருக்கும் ஒரு கயிற்று முனை. மூன்று புரியும் தனித்தனியாக அவிழ்ந்து நார்நாராகப் போகிற இடம்.

கயிற்றைப் பேனாவில் போட ஒரு சூட்சுமம் உண்டு. ஓரக்கோட்டை முதலில் போட்டுவிட்டால் அது குழாயாகிவிடும். ஓரமே போடக் கூடாது. புரி முறுகி ஓடும் திசையில் சின்னச் சின்ன வளைகோடுகளாக இழுத்து, இரண்டு புரி சேரும் பள்ளத்தில் மட்டும் நெருக்க வேண்டும். மேடு வெள்ளையாகக் கிடக்கட்டும். போடாத ஓரத்தைப் பார்ப்பவர் கண் போட்டுக்கொள்ளும்.

பென்சிலோடு நிறுத்திவிட்டேன். இடது கண்ணின் விழித்திரைக்குக் கீழே நீர் கோத்திருக்கிறது, அதற்காக டாக்டர் கொடுத்த கட்ட அட்டையைத் தினமும் பார்க்கிறேன். கட்டம்: நடுவில் அதே குழிவு.

ஜூன் 7, சனி

கட்டம்: அதே.

ஜூன் 9, திங்கள்

டாக்டர் கொடுத்த அட்டையை அலமாரிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன். 10 செ.மீ. சதுரம், உள்ளே 5 மி.மீ. கட்டங்கள், நடுவில் ஒரு புள்ளி. ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஏறக்குறைய 30 செ.மீ. தள்ளி நின்று அந்தப் புள்ளியையே பார்க்க வேண்டும். வலது கண்ணுக்கு எல்லாக் கோடும் நேர். இடது கண்ணுக்குப் புள்ளியைச் சுற்றி நான்கைந்து கோடுகள் உள்வாங்குகின்றன. கட்டங்கள் சுருங்கித் தெரிகின்றன, மேலே ஒரு சாம்பல் படலம்.

அது அச்சடித்த கோடு, வளையாது. அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் தினமும் காலையில் எழுந்ததும் அதன் முன்னால் போய் நிற்கிறேன்.

இடது கண்ணுக்குத் தெரிவதை அப்படியே மைக்ரான் 005 என்ற மெல்லிய பேனாவில் வரைந்து வைத்தேன். அதன் கோடு 0.20 மி.மீ. தடிமன்தான். தேதி போட்டுவிட்டேன். அடுத்த தடவை டாக்டரிடம் வாயால் சொல்வதைவிட இதைக் காட்டுவது மேல்.

ஜூன் 10, செவ்வாய்

கயிற்றுக்கு மை. இடது கண்ணை மூடிக்கொண்டுதான்.

ஒற்றைக் கண்ணில் கோடு நேராக இருக்கிறது, ஆனால் ஆழம் போய்விடுகிறது. புட்டிக்குள் விடப்போன நிப் விளிம்பில் இடிக்கிறது. தாளுக்கு இன்னும் தூரம் இருக்கிறது என்று நினைக்கும்போதே முனை தொட்டு, தொட்ட இடத்தில் ஒரு பொட்டு மை. தொட்டு எழுதும் நிப்புக்கு அந்தத் தொடும் நேரம்தான் முக்கியம். மெதுவாக இறங்கி, இழுக்க ஆரம்பித்த பிறகு அழுத்தினால் இரண்டு நாக்கும் விரிந்து கோடு தடிக்கும், விட்டால் சேர்ந்துகொண்டு மெலியும். இறங்கும்போதே பாரம் விழுந்தால் கோட்டுக்குத் தலை பெருத்துவிடும்.

சுண்டுவிரலைத் தாளில் ஊன்றிக்கொண்டால் தூரம் பிடிபடுகிறது. புட்டி நகராமல் இருக்க, மேஜையில் டேப்பால் ஒரு வட்டம் போட்டு அதற்குள் வைத்துவிட்டேன்.

அம்மா எட்டிப் பார்த்தாள். “கண்ணை மூடிக்கிட்டு என்னடி வரையுற?”

“ஒரு கண்ணைத்தாம்மா.”

ஒன்றும் சொல்லாமல் விளக்கைக் கொஞ்சம் பக்கத்தில் நகர்த்தி வைத்துவிட்டுப் போனாள்.

ஜூன் 12, வியாழன்

கயிறு முடிந்தது. நார் பிரியும் இடம் நன்றாக வந்திருக்கிறது. சந்தோஷமாக இருக்கிறது, வேறென்ன.

ஜூன் 13, வெள்ளி

மழை.

ஜூன் 15, ஞாயிறு

இரண்டு நாளாக மழையே ஓடுகிறது தலைக்குள். பேனாக்காரருக்கு மழை சங்கடமான சொல். கறுப்புக் கோடாகப் போட்டால் மழை கம்பியாகிவிடும். மழை வெளிச்சம் அல்லவா? அது வெள்ளையாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் நம்மிடம் வெள்ளை கிடையாது, தாள்தான் வெள்ளை. அப்படியென்றால் மழைக்குப் பின்னால் இருக்கும் இருட்டையெல்லாம் கோடு கோடாக நிரப்பி, துளி விழும் தடத்தில் மட்டும் ஒவ்வொரு கோட்டையும் நிறுத்தி, தாண்டி, மறுபடி தொடங்க வேண்டும். நூற்றுக்கணக்கான நிறுத்தங்கள்.

மரச்செதுக்கு ஓவியர்களுக்கு இது பெரிய காரியமே இல்லை. அவர்கள் செதுக்கி எடுக்கும் இடம்தான் அச்சில் வெள்ளையாக விழும். மழை வேண்டுமென்றால் ஒரு கீறல் போதும்.

இதை நினைக்கும்போதெல்லாம் அமெரிக்கப் பேனா ஓவியர் ஃபிராங்க்ளின் பூத் ஞாபகம் வருகிறார். 1874இல் பிறந்தவர், இந்தியானாவில் பண்ணை வீட்டுப் பையன். பத்திரிகைகளில் வந்த படங்களைப் பார்த்துப் பார்த்துப் பேனாவால் நகலெடுத்துப் பழகினார். அவை பேனாப் படங்கள் என்றே நினைத்திருக்கிறார். உண்மையில் அவை மரச்செதுக்கு அச்சுகள். செதுக்குளி செய்ததைப் பேனா செய்ததாக எண்ணி, அதைப் பேனாவாலேயே செய்ய முயன்று, கடைசியில் செய்தும்விட்டார். பெரிய பெரிய வானங்கள், மேகக் குவியல்கள், எல்லாம் பக்கத்துப் பக்கத்துக் கோடுகள். ஒரு கோட்டின் தடிமனையும் அடுத்த கோட்டுக்கு உள்ள இடைவெளியையும் வைத்தே சாம்பலின் அத்தனை படிகளையும் கொண்டுவந்தார்.

அவர் கண் எதையோ வேறொன்றாகப் பார்த்தது. அதிலிருந்துதான் அவருடைய கை வந்தது. இன்று காலையிலிருந்து இதையே பிடித்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு இது ஆறுதலா இல்லையா என்று தெரியவில்லை, ஆனாலும் விட மனமில்லை.

ஜூன் 16, திங்கள்

“கோடு நேராச்சா?” காலையில் அம்மா கேட்கும் முதல் கேள்வி இப்போது இதுதான்.

“இல்லம்மா.”

ஜூன் 19, வியாழன்

மழை முடியவில்லை. முடிந்த வரையில் நன்றாக இருக்கிறது. முடியாத இடத்தை அப்படியே விட்டுவிட்டேன். பாதித் தாளில் மழை பெய்கிறது, பாதியில் பென்சில்.

ஜூன் 20, வெள்ளி

ஏணி.

இந்த வாரமா இந்தச் சொல் வர வேண்டும்.

ஜூன் 21, சனி

ஸ்கேல் வைத்துப் போடலாமே என்று யாரும் கேட்பார்கள். ஸ்கேல் வைத்த கோட்டில் மூச்சு இருக்காது. கையால் இழுத்த நேர்கோடு லேசாக நடுங்கும், அந்த நடுக்கம்தான் அழகு. தாளைத் திருப்பிக்கொண்டு, கோட்டை நம் பக்கம் வருகிற மாதிரி, விரலால் அல்லாமல் தோளிலிருந்து இழுக்க வேண்டும். இழுக்கும்போது நிப்பைப் பார்க்கக் கூடாது, போய்ச் சேர வேண்டிய புள்ளியைப் பார்க்க வேண்டும். கை தானாக அங்கே போகும். எல்லோரும் இப்படித்தான் பழகுகிறோம்.

என் இடது கண்ணுக்கு, நான் எந்தப் புள்ளியைப் பார்க்கிறேனோ அந்தப் புள்ளிதான் குழிகிறது. பார்வையை நகர்த்தினால் குழிவும் கூடவே நகர்கிறது. பார்க்காத இடமெல்லாம் நேர். பார்க்கிற இடம் மட்டும் கோணல். ஒரு கோட்டைக்கூட நேராகப் பார்த்து முழுதாக நம்ப முடியவில்லை. இரண்டு கண்ணையும் திறந்தால் வலது கண் சமாளித்துக்கொடுக்கிறது, ஆனால் நேர்கோட்டின் மேல் அதன் ஆவி மாதிரி ஒரு மங்கல் கோடு படிந்து நிற்கிறது.

நேற்று இரவு தூக்கமில்லை. இப்படியே நின்றுவிட்டால்? “பெரும்பாலும் தானாக வடிந்துவிடும், மூன்று நான்கு மாதம் பொறுங்க” என்றார் டாக்டர். பெரும்பாலும் என்ற அந்த ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு எத்தனை தடவை புரண்டு படுத்தேன். வலது கண்ணுக்கும் வந்தால்? கையில் இருக்கும் இந்தப் பழக்கம், இத்தனை வருடம் தேய்த்துத் தேய்த்து வந்தது, அதற்குக் கண் இல்லாமல் என்ன வேலை? விளக்கைப் போட்டுக்கொண்டு எழுந்து கட்டத்தின் முன்னால் நின்றேன். ராத்திரி வெளிச்சத்தில் இன்னும் மோசமாகத் தெரிந்தது.

ஜூன் 22, ஞாயிறு

ராத்திரியில் கட்டம் பார்க்கக் கூடாது. இனி காலை மட்டும். அதே ஜன்னல், அதே வெளிச்சம்.

ஜூன் 24, செவ்வாய்

ஏணி வந்துவிட்டது!

ஏணியையே நான் போடவில்லை. அதற்குப் பின்னால் ஒரு இருட்டறையைப் போட்டேன். குறுக்கும் நெடுக்குமாக நான்கு அடுக்குக் கோடு. முதல் அடுக்கு காய்ந்த பிறகுதான் அடுத்தது. ஈரத்தின் மேல் நிப்பை இழுத்தால் தாள் நார் கிளம்பி நிப்பின் நடுவே சிக்கிக்கொள்ளும். ஒவ்வொரு அடுக்கையும் கொஞ்சம் சாய்வாகத்தான் போட்டேன். செங்குத்தாக வெட்டினால் அது சல்லடைத் துணி ஆகிவிடும். சாய்வாக வெட்டும்போது நடுவில் சின்னச் சின்ன வைரங்களாக வெள்ளை மிஞ்சும், இருட்டுக்கு ஒரு மினுக்கம் கிடைக்கும். அந்த இருட்டு வந்து வந்து நிற்கும் இடமே ஏணியின் கால், படி. இருட்டின் கோடு நேராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

ஓவியர் ஆதிமூலத்தின் காந்தி கோட்டோவியங்களை எடுத்து மறுபடி பார்த்தேன். காந்தி நூற்றாண்டை ஒட்டி, 1969 வாக்கில் வரைந்தவை. ஒற்றைக் கோடாகத் தனியே நின்று பேசுவது அதில் குறைவு. கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, சுழன்று, நெருங்கி, அந்த நெருக்கத்திலிருந்து ஒரு முகம் எழுந்து வருகிறது. இடது கண்ணால் மட்டும் பார்த்தேன். அப்போதும் அது காந்திதான்.

அம்மாவிடம் ஏணியைக் காட்டினேன். “மேல என்ன இருக்கு?” என்றாள். அதை நான் யோசிக்கவே இல்லை.

ஜூன் 27, வெள்ளி

மிச்சம். இன்றைக்கு நோட்டில் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

ஜூலை 1, செவ்வாய்

ஸ்கேன். தாடையைக் கருவியின் தாங்கியில் வைத்து, பச்சைப் புள்ளியையே பார்க்கச் சொன்னார்கள். திரையில் விழித்திரையின் குறுக்குவெட்டு. அடுக்கடுக்காக, சாம்பலும் வெள்ளையுமாக, யாரோ பொறுமையாக இழைத்த கோடுகள். நடுவில் அடுக்கு மேலே எழும்பி நிற்க, அதன் கீழே கறுப்பாக ஒரு பொட்டலம். அதுதான் நீர். என் வளைந்த கட்டத்தின் அத்தனை கோணலும் இத்தனூண்டு கறுப்பிலிருந்து வருகிறது.

நான் வரைந்த கட்டத்தைக் கொடுத்தேன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். கொஞ்சம் குறைந்திருக்கிறது, ஊசி வேண்டாம், இன்னும் பொறுங்க என்றார்.

ஜூலை 2, புதன்

குறைந்திருக்கிறதாம். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

ஜூலை 4, வெள்ளி

ஓசை. கண்ணில் படாத ஒன்றை வரையச் சொல்கிறார்கள். எனக்கு இந்த மாதிரிச் சொல்தான் பிடிக்கும். அக்டோபர் முழுக்க நாளுக்கு ஒரு மை ஓவியம் என்று ஓவியர் ஜேக் பார்க்கர் 2009இல் தொடங்கினாரே, அதில் நானும் ஓடிப் பார்த்திருக்கிறேன். கைக்கு வேகம் வரும், உண்மை. ஆனால் ஓசை மாதிரி ஒரு சொல் ஒரு நாளில் பிடிபடாது. வாரம் முழுக்கக் கூடவே அலைய வேண்டும், தூங்கும்போதும் பக்கத்தில் கிடக்க வேண்டும்.

ஜூலை 6, ஞாயிறு

புள்ளிகள். ஓசைக்குப் புள்ளிகள்தான். நடுவில் மொய்த்து, விலக விலக ஒல்லியாகி. புள்ளி வளையாது. நிப்பைச் செங்குத்தாக வைத்து, மை குறைவாக, ஒவ்வொன்றாக. அவசரத்தில் குத்தினால் புள்ளிக்கு வால் முளைக்கிறது.

ஜூலை 8, செவ்வாய்

இடது கண்ணில் தாள் இன்னும் அழுக்கு மஞ்சளாகத்தான் தெரிகிறது. கறுப்பும் கறுப்பாக இல்லை. வான்கோ 1888இல் பிரான்சின் ஆர்லில் நாணல் பேனாவால் வரைந்த வயல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வரைந்தபோது இருந்த கருமை பலவற்றில் இன்று இல்லை, மை பழுப்பாக வெளிறிவிட்டது. நாம் பார்ப்பது அவர் பார்த்த படமே அல்ல. ஆனாலும் அந்த வயலில் காற்று அடிக்கிறது. கோடும் புள்ளியும் கொக்கியுமாக, ஒவ்வொரு பயிருக்கும் ஒவ்வொரு குறி.

நான் வைத்திருப்பது கரி மை, வெளிறாது. அரக்கு கலந்தது, காய்ந்தால் தண்ணீருக்கும் அசையாது. என் கறுப்பு கறுப்பாகவே இருக்கும், நான் எப்படிப் பார்த்தாலும்.

ஜூலை 11, வெள்ளி

கூடு. பறவைக்கூடுதான், வேறு எதையும் தேடப்போவதில்லை. பட்டியல் போடவில்லை, எதையும் அடிக்கவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

“கோடு நேராச்சா?”

“தெரியலம்மா.”

இல்லை என்று சொல்லாமல் தெரியவில்லை என்றது இதுதான் முதல் முறை. அம்மா கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தாள்.

ஜூலை 15, செவ்வாய்

புள்ளிக்கு இடப்பக்கம் இரண்டாவது கோடு. நேற்றும் இப்படித்தான் இருந்ததா? ஜூன் 9 அன்று வரைந்ததைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதில் வளைவு கூடுதல். நான்தான் கூட்டிப் போட்டேனோ என்று ஒரு சந்தேகம். இன்றைக்குத் தெரிவதையும் அதே அளவில் வரைந்து தேதி போட்டேன், வெள்ளிக்கிழமை இன்னொன்று வரைய வேண்டும்.

கூட்டில் குச்சிகள் பாதி ஆயிற்று. மையில் மேலே இருப்பதைத்தான் முதலில் போட வேண்டும். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் குச்சியை முழுதாக முடித்துவிட்டு, அடியில் போகும் குச்சியை அதன் ஓரம்வரை கொண்டுவந்து நிறுத்தி, மறுபக்கம் தொடர வேண்டும். மறுபக்கம் அது சரியான இடத்தில் வெளியே வர வேண்டும், அங்கேதான் கண் வேண்டியிருக்கிறது. இதுவரை வந்தவை எல்லாம் சரியாகவே வந்திருக்கின்றன. உள்வட்டம் நாளைக்கு. இந்தப் புட்டியில் மை அடிமட்டத்துக்குப் போய்க் கெட்டியாகிவிட்டது, புதுப் புட்டி திறக்க வேண்டும்.