படுக்கை வாசிப்பு: நவம்பர்

நவம்பர் 3
முட்டி மடங்குவது 55 டிகிரி.

நவம்பர் 4
தூக்கமில்லை. மூன்றாவது முறையாக ‘கிரேடில்’. வில் வைட் 2016இல் ஆரம்பித்து 2023இல் முடித்த 12 புத்தகங்கள். ப்ரோக்ரெஷன் ஃபேன்டஸி, அதாவது நாயகன் படிப்படியாக வலிமை ஏறும் மாயக்கதை. முதல் புத்தகம் இழுவை, பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டிவிடு என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அந்த இழுவைதான் வேண்டும். நாயகன் லிண்டனுக்கு மந்திர சக்தி எதுவும் வராது. மார்பில் மரத்தாலான வில்லை, அதில் ‘வெறுமை’ என்று பொறித்திருக்கும். பொடிசுகள் எல்லாம் செம்பு என்ற சக்தி நிலைக்குப் போய்விட்டார்கள். இவன் முதுகில் பெரிய மூட்டை, வாயில் ஓயாத மன்னிப்பு. ஜெயிக்க வேண்டுமென்றால் ஏமாற்றித்தான் ஆக வேண்டும். கடைசிப் புத்தகங்களில் அவன் வானத்தையே பிளக்கும்போது எனக்குக் கொட்டாவி வருகிறது.

நவம்பர் 6
55. நேற்றும் 55. “மூச்சை அடக்காதீங்க அக்கா” என்கிறார் பிசியோ தம்பி. அடக்காமல்?

நவம்பர் 7
‘பிவேர் ஆஃப் சிக்கன்’. சண்டையே வேண்டாமென்று ஓடிப்போய் விவசாயம் பார்க்கிறான். அவன் வளர்க்கும் சேவல் தவம் செய்து வீரனாகிறது. சிரித்ததில் தையல் இழுத்தது.

நவம்பர் 9
‘மதர் ஆஃப் லேர்னிங்’. ஒரே மாதம் திரும்பத் திரும்ப. ஒவ்வொரு முறையும் நாயகன் ஸோரியனின் தங்கை கிரியெல் அவன் வயிற்றில் வந்து விழுந்து காலை வணக்கம் சொல்வாள். அவன் உடம்பு பழையபடி ஆகிவிடும், கற்றது மட்டும் தங்கும். எனக்கும் விடிந்தால் முட்டி இறுகி நேற்றைய கணக்கு அழிந்துவிடுகிறது. வலி வரும் என்ற பயம்தான் தங்குகிறது.

நடுவில் மந்திரப் பட்டியல் கொஞ்சம் ஓவர். ஆனால் தொல்லை என்று ஒதுக்கிய தங்கையை அப்புறம் அவனே கூட அழைத்துப் போகிறானே, ப்ரோக்ரெஷன் ஃபேன்டஸியில் நான் பார்த்த நல்ல லெவல் அப் அதுதான்.

நவம்பர் 12
62. அதனால் என்ன, படி இறங்க முடியுமா?

புதிதாக ஒன்று எடுத்தேன், பெயர் வேண்டாம். பக்கத்துக்குப் பக்கம் நாயகனின் சக்தியை எண்ணாகக் காட்டும் பெட்டி. வலிமை 41. 41 ஆனதும் என்ன செய்தான்? 42 ஆனான். மூடி வைத்துவிட்டேன். அம்மாவிடம் எரிந்து விழுந்தேன்.

நவம்பர் 15
‘டஞ்சன் கிராலர் கார்ல்’. இதிலும் பெட்டிகள்தான். ஆனால் கார்ல் சாவதை வேற்றுக்கிரகத்துக்கு டிவி நிகழ்ச்சியாக விற்கிறார்கள். எண் ஏறினால் யாருக்கு லாபம் என்று தெரிகிறது. நிலவறையில் 18 தளம் இறங்க வேண்டும், செருப்புகூட இல்லாமல், முன்னாள் காதலியின் பூனையோடு.

எனக்கு 36 படி.

நவம்பர் 16
70! அம்மா கேசரி கிண்டினாள்.

நவம்பர் 18
லிண்டன், மறுபடி முதலிலிருந்து.

நவம்பர் 20
68. திரும்ப அளக்கச் சொன்னேன். 68.