ஐ.டி.ஐ. தச்சுப் பிரிவில் ஓராண்டும் அதற்குப் பிறகும்: சேர நினைப்பவர்களுக்கு என் அனுபவம்

பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் அரசினர் தொழிற்பயிற்சி நிலையத்தில் தச்சுப் பிரிவில் சேரப் போகிறேன் என்று சொன்னபோது, "ஆசாரி வீட்டுப் பிள்ளைகள் அப்பன் பக்கத்தில் நின்றே கற்றுக்கொள்கிற வேலையாயிற்றே, அதற்கு எதற்குப் படிப்பு?" என்று வீட்டில் கேட்டார்கள். எங்கள் குடும்பத்தில் யாரும் உளி பிடித்தவர்கள் அல்லர். எட்டு ஆண்டுகளாக உள்ளலங்கார வேலையும் பழைய வீடுகளைப் புதுப்பிக்கும் வேலையும் செய்துவரும் இந்த நிலையில் யோசித்தால், அந்தக் கேள்வியில் பாதி நியாயம் இருந்தது என்றே தோன்றுகிறது. பத்து வயதிலிருந்து பட்டறையில் வளர்ந்தவரின் கைவாகு ஓராண்டுப் பயிற்சியில் வந்துவிடாது. ஆனால், அளவெடுப்பதையும் கோடு போடுவதையும் கணக்குப் போடுவதையும் முறையாகக் கற்க ஓராண்டு போதும். இந்தத் தொழிலில் நான் பார்த்த நட்டங்களில் பெரும்பாலானவை வெட்டும்போது வந்தவை அல்ல, வெட்டுவதற்கு முன்பே அளவில் வந்தவை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சேர்க்கை பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தச்சுப் பிரிவு ஓராண்டுப் பயிற்சி. எட்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும். அரசினர் நிலையங்களில் கல்விக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. எலக்ட்ரீஷியன், ஃபிட்டர் பிரிவுகளுக்கு இருக்கும் போட்டி இதற்கு இராது என்பதால் இடம் கிடைப்பது எளிது. ஆனால், வேறு பிரிவு கிடைக்காமல் மனமில்லாமல் வந்தவர்கள் வகுப்பில் பலர் இருப்பார்கள். அவர்களோடு சேர்ந்து நீங்களும் மதியத்துக்கு மேல் காணாமல் போகாமல் இருப்பதே முதல் மாதத்தின் பெரிய சவால். இந்தப் பிரிவு எல்லா நிலையங்களிலும் இல்லை. எனவே, கலந்தாய்வுக்கு முன்பே நேரில் போய்ப் பட்டறையைப் பாருங்கள். ஒவ்வொருவருக்கும் வேலை மேசை இருக்கிறதா, மேசை ரம்பம் ஓடுகிறதா அல்லது தார்ப்பாய் போர்த்திக் கிடக்கிறதா, பயிற்சிக்கான மரம் அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறதா என்பதை அங்கு படிப்பவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நான் படித்த இடத்தில் இடையில் இரண்டு மாதம் மரமே வரவில்லை. பழைய சட்டங்களின் ஆணியைப் பிடுங்கி, அதையே திரும்பத் திரும்ப இழைத்துப் பயிற்சி செய்தோம். ஆணி தட்டி அலகு முறிந்த இழைப்புளிகளுக்குக் கணக்கில்லை.

முதல் ஆறு வாரங்கள் சலிப்பூட்டுபவை. தீட்டுவதும் இழைப்பதும் தவிர வேறொன்றும் இல்லை. உளியின் சரிவைச் சாணையில் 25 பாகைக்குக் கொண்டுவந்து, பிறகு எண்ணெய்க்கல்லில் நுனியை மட்டும் 30 பாகைக்குத் தீட்ட வேண்டும். தீட்டியது சரிதானா என்பதை எங்கள் பயிற்றுநர் விரலால் தொட்டுப் பார்க்கமாட்டார். மென்மரத் துண்டு ஒன்றின் குறுக்குவெட்டு முகத்தில், நார்கள் அறுபடும் பக்கத்தில், உளியைத் தள்ளிச் சீவச் சொல்வார். முகம் மெழுகு பூசியதுபோல் வந்தால் சரி. நார் நசுங்கி வெள்ளையாகப் பொடிந்தால் திரும்பவும் கல்லுக்குப் போக வேண்டியதுதான். இரண்டடிக் கட்டையை இழைத்து முடித்ததும் அதன்மேல் எஃகு அளவுகோலை விளிம்பில் நிறுத்தி, சன்னலுக்கு எதிரே தூக்கிப் பிடிப்பார். அளவுகோலுக்கும் மரத்துக்கும் நடுவில் எங்கே வெளிச்சம் கசிகிறதோ அங்கே பள்ளம். ஒரு கட்டைக்கு நான்கு நாள் எடுத்துக்கொண்டேன். அப்போது எரிச்சலாக இருந்தது. ஆனால், இன்று ஒரு கதவு நிலை அரை மில்லிமீட்டர் முறுக்கிக்கொண்டிருப்பதைக் கண் கண்டுபிடிக்கிறதென்றால், அந்தச் சன்னல் வெளிச்சத்தில் பழகிய கண் அது.

அடுத்தது இணைப்புகள். மார்டிஸ், டெனன் எனப்படும் துளையும் கழுந்தும் முதலில் வரும்; ஒரு சட்டத்தில் குடைந்த துளைக்குள், இன்னொரு சட்டத்தின் முனையில் மெலிதாக வெட்டிய கழுந்து போய் உட்காரும். கழுந்தின் கனம் சட்டத்தின் கனத்தில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு என்பதை எல்லோரும் மனப்பாடம் செய்துவிடுவார்கள். அது ஏன் என்று கேட்டுப் பாருங்கள். கழுந்து தடித்தால் துளையின் இரு பக்கச் சுவர்களும் மெலிந்து பிளக்கும். கழுந்து மெலிந்தால் அதுவே ஒடியும். காரணம் தெரிந்தால் விதியை எங்கே தளர்த்தலாம் என்பதும் தெரியும். குறியிடும்போது பென்சிலை வைத்துவிட்டுக் கத்திமுனையால் கீறிப் பழகுங்கள். பென்சில் கோட்டுக்கே ஒரு கனம் உண்டு. நான்கு மூலைகளிலும் கோட்டின் எந்தப் பக்கம் வெட்டினோம் என்பது மாறிமாறிப் போனால், சட்டகம் பூட்டும்போது இரண்டு மில்லிமீட்டர் காணாமல் போயிருக்கும். பூட்டிய சட்டகத்தை மூலைமட்டத்தால் மட்டும் சோதிக்காமல் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். இரண்டும் சமமாக இருந்தால்தான் மூலைகள் செங்கோணமாக இருக்கும்.

பட்டறைக் கணக்கு வகுப்பில் பலர் தூங்குவார்கள். நானும் தூங்கியிருக்கிறேன். மர டிப்போவில் முதல்முறை ஏமாந்த பிறகுதான் அந்த நோட்டைத் தேடி எடுத்தேன். அறுத்த மரத்தின் கன அடிக்கு வாய்ப்பாடு எளியது: அடியில் நீளம், அங்குலத்தில் அகலம், அங்குலத்தில் கனம் மூன்றையும் பெருக்கி 144-ஆல் வகுக்க வேண்டும். ஏழடி உயரம், மூன்றரை அடி அகலமுள்ள நிலைக்கு, வாசற்படி இல்லாமல், இரண்டு பக்கக்காலும் மேல்சட்டமும் சேர்த்து 17.5 அடி. சட்டம் 5க்கு 3 அங்குலம் என்றால் 262.5-ஐ 144-ஆல் வகுக்க 1.82 கன அடி வரும். இதற்குமேல் கழிவுக்கு எவ்வளவு சேர்ப்பது என்பது மரத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியது. உருட்டு மரத்துக்குக் கணக்கு வேறு. சுற்றளவை நான்கால் வகுத்து, அதன் வர்க்கத்தை நீளத்தால் பெருக்குவார்கள். 48 அங்குலச் சுற்றளவும் பத்தடி நீளமும் உள்ள கட்டைக்கு இந்தக் கால்சுற்று முறையில் சரியாக 10 கன அடி. வட்டத்தின் பரப்பைக் கொண்டு உண்மையான கன அளவைக் கண்டால் 12.7 கன அடி இருக்கும். அறுக்கும்போது ஓரப்பலகையாகக் கழியும் பகுதிக்கு ஈடாக வந்த பழைய முறை இது. ஆகவே ஒருவர் உருட்டு விலையும் இன்னொருவர் அறுத்த விலையும் சொன்னால், இரண்டும் ஒரே கன அடி என்று எண்ணி ஒப்பிடக் கூடாது. நான் ஏமாந்தது அங்கேதான்.

கோட்பாட்டுப் பாடத்தில் மரத்தின் ஈரப்பதம் பற்றிய பகுதியைத் தேர்வுக்காக மட்டும் படிக்காதீர்கள். ஈர எடையிலிருந்து உலர் எடையைக் கழித்து, உலர் எடையால் வகுத்து, நூறால் பெருக்கினால் ஈரப்பத விழுக்காடு கிடைக்கும். ஏறக்குறைய 30 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கும்போதுதான் மரம் சுருங்கவே தொடங்கும். அந்தச் சுருக்கமும் எல்லாத் திசையிலும் ஒன்றுபோல் இராது: நீளவாக்கில் மிகக் குறைவு; வளைய வரிகளை ஒட்டிய திசையில், மையத்திலிருந்து வெளிநோக்கிய திசையைக் காட்டிலும் ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஐப்பசி மழையில் இறுகிக்கொள்ளும் கதவைச் சித்திரையில் பார்த்தால் இடைவெளி விட்டு ஆடும். மழைக்காலத்தில் கூப்பிடும் வீட்டுக்காரர் சொல்கிறாரே என்று அப்போதே தாராளமாக இழைத்துவிட்டால், கோடையில் அவரே திரும்பக் கூப்பிடுவார்.

தேர்வைப் பற்றி இனிச் சொல்ல வேண்டும். ஆண்டிறுதியில் நடப்பது அகில இந்தியத் தொழிற்தேர்வு. எழுதுவதற்கு 80 விழுக்காடு வருகை வேண்டும். எழுத்துத் தேர்வு கணினியில் விடை தெரிவு செய்யும் முறையில் நடக்கிறது. அதில் தேர்ச்சிக்கு 33 விழுக்காடும், செய்முறையிலும் ஆண்டு முழுதும் நடக்கும் உள்மதிப்பீட்டிலும் 60 விழுக்காடும் வேண்டும். தேர்ச்சி எல்லை எங்கே உயர்ந்திருக்கிறது என்பதைப் பார்த்தாலே எதில் நேரம் செலவிட வேண்டும் என்பது புரிந்துவிடும். எழுத்துத் தேர்வுக்கு, ஐ.டி.ஐ. பாடநூல்களை வெளியிடும் கிண்டியிலுள்ள நிமி நிறுவனத்தின் நூல் எனக்குப் போதுமானதாக இருந்தது. இப்போது ஐ.டி.ஐ. மாணவர்களுக்கான அரசின் பாரத் ஸ்கில்ஸ் இணையதளத்தில் வினா வங்கியும் இருக்கிறது. செய்முறையில் தோற்றவர்களை நான் கவனித்தவரை, அவர்கள் கை மெதுவானவர்கள் அல்லர். வரைபடத்தைக் கையில் வாங்கியதும் மரத்தை வெட்டத் தொடங்கியவர்கள். என் பக்கத்து மேசைக்காரன் எங்கள் குழுவிலேயே வேகமானவன். கழுந்தின் தோள்பட்டை அளவை, அதாவது இரு முனைக் கழுந்துகளையும் விட்டு நடுவில் உள்ள நீளத்தை, சட்டத்தின் முழு நீளமென்று எண்ணி வெட்டிவிட்டான். மாற்று மரம் கொடுக்கமாட்டார்கள். நான் முதல் அரைமணி நேரம் வெட்டவே இல்லை. வரைபடத்தின் ஒவ்வோர் அளவையும் ஒரு தாளில் பெயர்த்து எழுதி, முகப்புப் பக்கத்துக்குக் குறியிட்டு, எல்லாத் துண்டுகளையும் ஒன்றாக அடுக்கி ஒரே முறையில் கோடு போட்டேன். மெருகேற்ற நேரம் போதவில்லை என்பது உண்மைதான். ஆனால் அளவு ஒத்துப்போனது.

சான்றிதழ் வாங்கியதும் நேராகத் தனியாகத் தொழிலில் இறங்காமல், ஓராண்டு தொழிற்பழகுநராக இருப்பது நல்லது. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி உதவித்தொகையுடன் எடுக்கிறார்கள். பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை தச்சுப் பிரிவிலும் பழகுநர்களைச் சேர்த்துக்கொள்கிறது. தேர்வு மதிப்பெண் அடிப்படையில் நடப்பதால் பத்தாம் வகுப்பு மதிப்பெண் அங்கே உதவும். நான் தனியார் உள்ளலங்கார ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் போனேன். அங்கே போன முதல் நாளே, படித்ததற்கும் நகரத்தில் நடக்கும் வேலைக்கும் உள்ள தூரம் தெரிந்துவிட்டது. பயிற்சி நிலையத்தில் கட்டை மரம்தான் எல்லாம். இங்கே பிளைவுட், அதன்மேல் ஒட்டும் மைக்கா, வெளியே தெரியாத மறைகீல், இழுப்பறை ஓடும் சேனல். இந்தியத் தரக் குறியீடான ஐ.எஸ். 303 முத்திரை பொதுப் பயன்பாட்டுப் பிளைவுட்டுக்கு, ஐ.எஸ். 710 கொதிநீரைத் தாங்கும் மரைன் பிளைவுட்டுக்கு என்பதும், சமையலறைத் தொட்டிக்கு அடியில் எதைப் போட வேண்டும் என்பதும் அங்கே கற்றவை. எட்டடிப் பிளைவுட் தாளின் நீளம் 2440 மி.மீ. அதை நான்காக வெட்டினால் 610 வரும் என்று காகிதம் சொல்லும். மூன்று வெட்டுகளில் ரம்பம் தலைக்கு 3 மி.மீ. தின்றுவிடுவதால் 607-க்கு மேல் கிடைக்காது.

இதையெல்லாம் தெரிந்துகொண்டும் நான் விட்ட ஒரு கோட்டையைச் சொல்கிறேன். ஒரு சமையலறைக்குப் பன்னிரண்டு இழுப்பறைகள். பெட்டியின் வெளி அகலம் 450 மி.மீ.; இரு பக்கப் பலகைகள் 18 வீதம் போக உள்ளே 414; சேனலுக்குப் பக்கத்துக்கு 13 வீதம் 26 கழித்தால் 388. கணக்குச் சரி. பன்னிரண்டையும் 388-க்கு வெட்டிப் பூட்டிவிட்டேன். மைக்கா ஒட்டிய பிறகு ஒன்றுகூட உள்ளே போகவில்லை. பெட்டியின் உட்பக்கம் இரண்டிலும், இழுப்பறையின் வெளிப்பக்கம் இரண்டிலும் ஒரு மில்லிமீட்டர் மைக்கா ஏறி, நான்கு மில்லிமீட்டர் விழுங்கியிருந்தது. எல்லாவற்றையும் கழற்றி, முன்பலகையும் பின்பலகையும் குறைத்து, திரும்பப் பூட்ட ஒன்றரை நாள் ஆனது. அந்தக் கூலியை ஒப்பந்தக்காரர் பிடித்துக்கொண்டார். அதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. அன்றிலிருந்து வெட்டுப்பட்டியலில் "ஒட்டிய பின் அளவு" என்று தனியாக ஒரு கட்டம் போடுகிறேன்.

பழைய வீட்டுப் புதுப்பிப்புக்கு வந்தால், நேரான சுவர் என்று ஒன்று இருப்பதாகவே நம்பாதீர்கள். அலமாரி நிற்கப் போகும் இடத்தின் அகலத்தைக் கீழே, நடுவே, மேலே என மூன்று இடங்களில் அளந்து, மிகக் குறைந்ததைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். மீதி இடைவெளியை, சுவரின் நெளிவுக்கு ஏற்ப இழைத்த ஒரு பட்டியால் மறைத்துக்கொள்ளலாம். தரை மட்டத்தை ரசமட்டத்தாலும் சுவரைத் தூக்குக்குண்டாலும் பார்த்த பிறகே விலை சொல்லுங்கள். பழைய நிலைகளின் அடிக்காலைச் சுத்தியல் பிடியால் தட்டுங்கள். கரையான் குடைந்திருந்தால் ஓசை வெற்றுப் பெட்டிபோல் வரும். துளையிடுவதற்கு முன் சுவிட்சுப் பலகைக்கு நேர் மேலேயும் கீழேயும் மின்கம்பி ஓடியிருக்கலாம் என்பதை மறக்க வேண்டாம். கழற்றிப் பார்த்தால்தான் தெரியும் சேதத்துக்குத் தனிக் கூலி என்று மதிப்பீட்டுத் தாளிலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவது நல்லது. வாய்ப்பேச்சில் விட்டால் சண்டையில்தான் முடியும்.

உடம்பைப் பற்றி ஒரே ஒரு செய்தி. மரத்தூளை, புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதிப்பட்ட பொருள்களின் முதல் பிரிவிலேயே உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது. மூத்த ஆசாரிகள் துண்டைக் கட்டிக்கொண்டு வேலை செய்வதைப் பார்த்து நீங்களும் அப்படியே செய்ய வேண்டியதில்லை, முகக்கவசம் வாங்குங்கள். சுழலும் ரம்பத்தின் அருகே துணிக் கையுறை அணியாதீர்கள். கையையும் சேர்த்து இழுத்துவிடும்.

கருவிகளை ஒரேயடியாக வாங்க வேண்டாம். முதல் ஆண்டில் நல்ல அளவுநாடா, எஃகு மூலைமட்டம், மூன்று அளவுகளில் உளி, ஓர் எண்ணெய்க்கல் இவை போதும். பழகுநர் காலத்தில் கைத்துரப்பணம். வட்ட ரம்பமும், மரத்தில் பள்ளமும் விளிம்பும் கடையும் ரூட்டரும் சொந்த வேலை எடுத்த பிறகு. பெரிய எந்திரங்களுக்குக் கடன் வாங்கும் நிலை வந்தால், தமிழ்நாடு அரசின் கலைஞர் கைவினைத் திட்டத்தில் மூன்று லட்சம் வரை கடனும், அதில் 25 விழுக்காடு, அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியமும் கிடைக்கும். குடும்பத் தொழிலாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை. ஆனால் 35 வயது நிறைந்திருக்க வேண்டும். எனக்கு இன்னும் சில ஆண்டுகள் இருக்கின்றன. அதுவரை மேசை ரம்ப வேலையைப் பக்கத்துப் பட்டறையில் அடிக்கணக்கில் கூலி கொடுத்தே செய்துகொள்கிறேன்.