மெத்தில் ஆரஞ்சோடு ஒரு வாரம்

பிப்ரவரி 10, செவ்வாய்

இன்றும் டைட்ரேஷன்: சோடியம் கார்பனேட்டைத் தீர்க்க எவ்வளவு ஹைட்ரோகுளோரிக் அமிலம் வேண்டும் என்று அளப்பது. பியூரெட் என்ற அளவுக் குழாயில் அமிலம், கூம்புக் குடுவையில் 20 மில்லி கார்பனேட், அமிலம் போதும் என்று நிறம் மாறிச் சொல்லும் நிறங்காட்டியாக இரண்டு சொட்டு மெத்தில் ஆரஞ்சு. செலவான அமிலம் 19.8, 20.4, 19.9 மில்லி. கன்கார்டன்ட் வேல்யூ, அதாவது அடுத்தடுத்து ஒரே அளவு, கிடைக்கவே இல்லை.

பினாப்தலீன் என்ற இன்னொரு நிறங்காட்டி என்றால் சண்டையே கிடையாது. பிங்க் இருக்கிறதா இல்லையா, அவ்வளவுதான். ஆனால் கார்பனேட்டில் அது பைகார்பனேட்டோடு நின்று பாதிக் கணக்குதான் காட்டும். மெத்தில் ஆரஞ்சோ pH (அமிலத்தன்மையின் அளவு) 4.4க்கு மேல் மஞ்சள், 3.1க்குக் கீழ் சிவப்பு. நடுவில் வரும் ஆரஞ்சு ஒரே சொட்டில் கடந்துபோகிறது. வெள்ளை டைல் கிடைக்காமல் ரெக்கார்டு நோட்டின் காலிப் பக்கத்தைக் குடுவைக்கு அடியில் வைத்தேன். அது கோடு போட்ட பக்கம்.

பிப்ரவரி 12, வியாழன்

இன்று மெத்தில் ஆரஞ்சையே தயாரிக்கும் பிராக்டிகல். சல்பானிலிக் அமிலத்தைக் கார்பனேட் கரைசலில் கரைத்து, சோடியம் நைட்ரைட் சேர்த்து, ஐஸும் அமிலமும் இருக்கும் பீக்கரில் ஊற்ற வேண்டும். 5 டிகிரியைத் தாண்டக்கூடாது. நான் பேசிக்கொண்டே இருந்துவிட்டேன், ஐஸ் கரைந்துவிட்டது. சின்னச் சின்னக் குமிழிகள். சாயத்துக்கு வேண்டிய இடைப்பொருளான டையசோனியம் உப்பு சிதைந்து நைட்ரஜனாகப் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் மிஞ்சியது பழுப்பு நிறக் குழம்பு. தப்பு முழுக்க என்னுடையது.

பிப்ரவரி 13, வெள்ளி

ஜூஸ் கடையில் இரண்டு பை ஐஸ் வாங்கிப்போனேன். இந்த முறை டையசோனியம் உப்பு வெள்ளைப் பொடியாக அழகாக இறங்கியது. அசிட்டிக் அமிலத்தில் கலந்த டைமெத்தில் அனிலினை ஊற்றியதும் பீக்கர் முழுக்கச் சிவப்புக் களி. காஸ்டிக் சோடா விட விட ஆரஞ்சு. உப்புப் போட்டு, ஆறவைத்து வடிகட்டினால் தாளில் மின்னும் தகடுகள். நகக்கண்ணில் ஏறிய நிறம் ராத்திரி சாப்பிடும்போதும் போகவில்லை, ஸ்பூனால் சாப்பிட்டேன்.

டையசோனியம் உப்பு செய்யும் இந்த டையசோ வழியை 1858இல் கண்டுபிடித்த பீட்டர் கிரீஸ், பிறகு இங்கிலாந்தில் ஒரு பீர் ஆலையில் வேதியியலாளராக வேலை பார்த்தவர். சாயத் தொழிலின் பெரும் பகுதி அந்த வினையின்மேல் நிற்கிறது.

பிப்ரவரி 15, ஞாயிறு

மெத்தில் ஆரஞ்சும் ஒரு சாயம்தான், துணியில் ஏறுமா என்று பார்க்க அப்பாவின் பழைய பட்டு வேட்டியிலிருந்து ஒரு துண்டு, பனியன் துணி ஒரு துண்டு. "சமையல் பாத்திரத்தைத் தொட்டே, அவ்வளவுதான்" என்றாள் அம்மா. அதனால் பெயின்ட் டப்பா. வினிகர் விட்ட சாயத்தில் இரண்டையும் ஊறவைத்தேன். பனியன் இரண்டே அலசலில் வெளுத்துவிட்டது. பட்டு விடவில்லை, இந்த மாதிரி அமிலச் சாயத்துக்குப் பட்டு போன்ற புரத இழைதான் தோது. வெளியே எடுக்கும்போது சிவப்பு, குழாய்த் தண்ணீரில் ஆரஞ்சு, சோப்பு போட்டதும் மஞ்சள்.

அப்புறம் எலுமிச்சை ஒரு சொட்டு விட்டேன். செக்கச்செவேல் என்று ஒரு வட்டம்.

"இந்தத் துணியில் ரவிக்கை தைத்தால் ஊறுகாய் போடும் அன்றைக்கு என்ன ஆகும்?" என்று அம்மா கேட்டாள். நிறங்காட்டிக்கு எது வேலையோ, சாயத்துக்கு அதுவே வியாதி.

பிப்ரவரி 17, செவ்வாய்

நானே செய்த மெத்தில் ஆரஞ்சு, 100 மில்லி தண்ணீரில் 0.1 கிராம். இன்று டைல் கிடைத்தது. 20.1, 20.1.