வால்வு ரேடியோவும் சுதிர் நாயக்கும்

1974 டிசம்பர் 27, கிறிஸ்துமஸ் லீவு. பம்பாய் மாட்டுங்காவில் எங்கள் வீட்டில் இருந்தது பழைய வால்வு ரேடியோ. திருகினால் முதலில் ஒரு முனகல், அப்புறம் அந்தப் பச்சைக் கண் மெல்ல விழிக்கும், குரல் அதற்கும் பிறகுதான். அன்று மேற்கிந்தியத் தீவுகளோடு கல்கத்தா டெஸ்ட் ஆரம்பம். குரல் வந்தபோது இந்தியா ரன் எடுக்கும் முன்பே ஒரு விக்கெட் காலி. ஆண்டி ராபர்ட்ஸின் முதல் பந்திலேயே, கீப்பர் முர்ரே கையில் கேட்ச் கொடுத்து சுதிர் நாயக் போய்ச் சேர்ந்திருந்தார்.

"ரேடியோ சூடாகிறவரைக்கும்கூட உங்க ஆளால நிக்க முடியலையாடா?" என்றார் அப்பா.

நாயக் என் ஆள்தான். வகுப்பில் பாதி கவாஸ்கர் கட்சி, மீதி விஸ்வநாத் கட்சி. நாயக்குக்கு நான் ஒருத்தன். (பெயரைக் கேட்டுவிட்டு, நம்ம ஊர் நாயக்கர்தான் என்று கடைசி பெஞ்சில் ஒருவன் சத்தியமே செய்தான். அசல் மராத்திக்காரர்.)

காரணம் 1970-71 ரஞ்சி, அதாவது உள்நாட்டு அணிகள் மோதும் கோப்பை. வடேகர், சர்தேசாய், கவாஸ்கர், சோல்கர் எல்லாரும் இந்திய அணியோடு மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போய்விட, மிச்சமிருந்த பம்பாய் அணிக்கு நாயக் கேப்டன். இறுதி ஆட்டத்தில் மகாராஷ்டிராவை 48 ரன்னில் ஜெயித்துக் கோப்பையை வாங்கிக் கொடுத்தார். அடுத்த சீசனில் பெரியவர்கள் திரும்பி வந்தார்கள். கோப்பை வாங்கிய கேப்டனுக்கு பதினொருவரில் இடமில்லை. பள்ளி அணிக்குத் தண்ணீர் வாளி தூக்கிக்கொண்டிருந்த எனக்கு அந்த வலி நன்றாகப் புரிந்தது.

1974-இல் இங்கிலாந்தின் எட்ஜ்பாஸ்டனில் அவருடைய முதல் டெஸ்ட். ஆட்டத்தின் முதல் பந்திலேயே கவாஸ்கர் அவுட்டானதை எதிர்முனையில் நின்று பார்த்தவர் இவர். இரண்டாவது இன்னிங்ஸில் அணி மொத்தமே 216, அதில் இவர் 77. அதே மாதம் லீட்ஸில் இந்தியாவின் முதல் ஒருநாள் ஆட்டம். நம் நாட்டுக்கு அந்த வகை ஆட்டத்தில் முதல் பவுண்டரி இவர் மட்டையிலிருந்துதான். கல்கத்தாவோடு டெஸ்ட் கணக்கு முடிந்தது: 3 டெஸ்ட், 141 ரன். ஒருநாள் ஆட்டம் இரண்டே இரண்டு.

அப்புறம் நேஷனல் கிரிக்கெட் கிளப்பில் பையன்களை உருவாக்கினார். ஸ்ரீராம்பூரிலிருந்து வந்த வேகப்பந்து வீச்சாளர் ஜாகீர் கான் அங்கே வளர்ந்தவர். பம்பாய் வான்கடே மைதானத்தின் ஆடுகளப் பொறுப்பும் இவரிடமே வந்தது.

2023 ஏப்ரலில், 78 வயதில் அவர் காலமான செய்தி எங்கள் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. யாரோ ஒரு பூங்கொத்துப் படம் போட்டார்கள். பேச்சு வேறெங்கோ போய்விட்டது. எனக்கு 2011 ஏப்ரல் 2 ஞாபகம் வந்தது. உலகக் கோப்பை இறுதி ஆட்டம். நான் இருந்த டொராண்டோவில் விடிகாலை 5 மணி. வான்கடேயில் நாயக் போட்ட பிட்ச், முதல் ஓவர் ஜாகீர். ஒரு ரன்கூட இல்லை.

அன்றைக்கு நான் டிவியை அரை மணி முன்னாலேயே போட்டு வைத்திருந்தேன்.