தீர்ப்பு வந்த பிறகு பெண்களுக்கு எஞ்சும் வேலை

சட்டத்தில் ‘பெண்’ என்ற சொல் யாரைக் குறிக்கும் என்பது குறித்துப் பிரித்தானிய உயர் நீதிமன்றம் 2025 ஏப்ரல் 16 அன்று வழங்கிய தீர்ப்பைப் பற்றி மட்டக்களப்பில் இருந்துகொண்டு எழுத வேண்டிய தேவை என்ன என்று எங்கள் பெண்கள் வட்டத்திலேயே கேட்கப்பட்டது. நியாயமான கேள்விதான். ஆனால் அந்தத் தீர்ப்பையும், அதற்குப் பிறகு அங்கே பெண்கள் செய்ய வேண்டியிருந்த வேலைகளையும் தொடர்ந்து வாசித்தபோது, மட்டக்களப்பு வாவியின் கிழக்கே எழுவான்கரையிலும் மேற்கே படுவான்கரையிலும் நாங்கள் பல ஆண்டுகளாகப் பிரதேச செயலகங்களின் வாசலில் நின்று செய்துவருவதும் இதே வகையான வேலைதான் என்று எனக்குத் தோன்றியது.

வழக்கின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பொது அமைப்புகளின் நிர்வாகக் குழுக்களில் பாதி இடம் பெண்களுக்கு இருக்க வேண்டும் என்று ஸ்கொட்லாந்துப் பாராளுமன்றம் 2018 இல் ஒரு சட்டம் இயற்றியது. அந்தச் சட்டம் ‘பெண்’ என்பதற்குத் தந்த விளக்கத்தில் பெண்ணாக வாழும் மாறுபாலினத்தவரும் அடங்கினர். ‘ஃபோர் விமன் ஸ்கொட்லாந்து’ என்ற பெண்கள் அமைப்பு அதனை எதிர்த்து வழக்குத் தொடுத்து, 2022 பெப்ரவரியில் எடின்பரோ மேன்முறையீட்டில் வென்றது. அரசாங்கம் வழிகாட்டலைத் திருத்தி, பெண்ணாகச் சட்டப்படி ஏற்கும் பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் பெற்றவர்கள் பெண்களாகவே கணக்கிடப்படுவர் என்று எழுதியது. அதனை எதிர்த்த வழக்கில் அந்த அமைப்பு இரண்டு நீதிமன்றங்களில் தோற்று, இறுதியில் இலண்டனுக்குச் சென்றது. 2010 ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தில் ‘பெண்’, ‘பால்’ ஆகிய சொற்கள் உயிரியல் பாலையே குறிக்கின்றன என்று ஐந்து நீதியரசர்களும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். கருவுற்றோருக்கான பாதுகாப்பு முதல் பெண்களுக்கென ஒதுக்கப்படும் மருத்துவமனை விடுதிகள் வரை, வேறு பொருள் கொண்டால் சட்டத்தின் பல பிரிவுகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் போகும் என்பது அவர்களது காரணம். இந்தத் தீர்ப்பை ஒரு தரப்பு இன்னொரு தரப்பை வென்றதாக வாசிக்க வேண்டாம் என்று அதனை அறிவித்த நீதியரசர் ஹொட்ஜ் பிரபு அன்றே எச்சரித்தார். பால்நிலை மாற்றம் என்ற தனிப் பிரிவின் கீழ் மாறுபாலினத்தவருக்கான பாதுகாப்பு அப்படியே தொடரும் என்றும் நீதிமன்றம் கூறியது.

வழக்கின் வேர் ஓர் ஒதுக்கீட்டுச் சட்டத்தில் இருந்தது என்பது எங்கள் கவனத்துக்குரியது, ஏனெனில் எங்களுக்கும் ஓர் ஒதுக்கீடு உண்டு. உள்ளூராட்சி சபைகளில் 25 வீதம் பெண்களுக்கு என்று சட்டம் சொல்கிறது. அது முதன்முதலில் 2018 தேர்தலில் நடைமுறைக்கு வந்தது. பெண் யார் என்ற வழக்கு இங்கே எழவில்லை. யாருடைய மனைவி, யாருடைய தங்கை என்பதை வைத்துப் பட்டியல் நிரப்பப்பட்டதே எங்கள் வழக்கு. அதைக் கேட்பதற்கு எந்த நீதிமன்றமும் இல்லை.

பெண்களுக்கென்று தனி இடம் வேண்டும் என்ற கோரிக்கையை மேற்கிலிருந்து வந்த விவாதம் என்று சிலர் ஒதுக்குகிறார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிந்திய மாதங்களை இந்தக் கரையில் வாழ்ந்த பெண்களிடம் அப்படிச் சொல்ல முடியாது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் அதிகமானோர் மாண்டனர். கல்முனைப் பகுதி முகாம்களில் பின்னர் நடத்தப்பட்ட ஆய்வு, இறந்தவர்களில் பெண்களும் சிறுவர்களும் முதியோரும் கூடுதலாக இருந்ததைக் காட்டியது. உயிர் தப்பிய பெண்களோ பாடசாலைக் கட்டடங்களில் மாற்றுடை இன்றி, மறைவு இன்றி, ஆண்களும் பெண்களும் பொதுவாகப் பயன்படுத்திய மலசலகூடங்களின் முன்னே வரிசையில் நின்றார்கள். இரவில் விளக்கில்லாத மலசலகூடத்துக்குப் போக அஞ்சி, மாலையிலேயே தண்ணீர் குடிப்பதை நிறுத்திய பெண்களை எனக்குத் தெரியும். மாதவிடாய்த் துணி நிவாரணப் பட்டியலில் இல்லை. அதைக் கேட்பதற்கு வெட்கப்பட்டவர்கள் பலர், கேட்டபோது முகம் சுளித்த அதிகாரிகளும் உண்டு. சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் போன்ற மட்டக்களப்புப் பெண்கள் அமைப்புகள் அப்போது முகாம் முகாமாகப் போய் இவற்றைக் கேட்டன. தனிக் குளிப்பிடம், உட்புறத் தாழ்ப்பாள், விளக்கு ஆகியவைதான் கோரிக்கைகள். பெண்ணின் உடலை முன்வைத்துக் கேட்கப்பட்ட உரிமைகள் அவை, கோட்பாட்டு விவாதம் எதற்கும் காத்திருக்கவில்லை.

ஆயினும் எங்கள் பெண்கள் அந்தக் காலத்தில் இழந்தவற்றுள் மிகப் பெரியது வீடு. கடல் கொண்டுபோன வீட்டைச் சொல்லவில்லை, காகிதத்தில் பறிபோன வீட்டைச் சொல்கிறேன்.

வெளியூர் வாசகர்களுக்காக ஒன்றை விளக்க வேண்டும். மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும், தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும், வீடு மகளுக்குச் சீதனமாகப் போகும்; திருமணமான ஆண் மனைவியின் வீட்டுக்கு வந்து குடியேறுவான். பிற ஊர்களில் கேலிச்சொல்லாக வழங்கும் ‘வீட்டோடு மாப்பிள்ளை’ இங்கே எல்லா மாப்பிள்ளைகளுக்கும் பொருந்தும். குடி என்னும் வம்சப் பிரிவும் தாய்வழியாகவே எண்ணப்படுகிறது. தாய்வழிச் சொத்துரிமையை ஏற்ற முக்குவர் சட்டம் 1876 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தோடு வழக்கிழந்தது. ஆனால் சீதன வீட்டு வழமை சட்டத்தின் துணையில்லாமலே நிலைத்து நின்றது. இதைப் பொற்காலமாக நான் வருணிக்கப் போவதில்லை. வீடு கட்டிக் கொடுக்க வழியில்லாத குடும்பத்தின் பெண் முதிர்கன்னியாக நிற்பதும், தங்கையின் வீட்டுக்காக அக்கா மத்திய கிழக்குக்கு வீட்டுவேலைக்குப் போவதும் இதே வழமையின் மறுபக்கம். என்றாலும், கணவன் குடித்துவிட்டு வந்தால் ‘வெளியே போ’ என்று சொல்லும் உரிமை மனைவிக்கு இருந்தது, ஏனெனில் வீடு அவளுடையது.

சுனாமிக்குப் பிறகு வடக்கு கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றர் வரை மீள்கட்டுமானத்துக்குத் தடை விதிக்கப்பட்டபோது, கரையோரக் குடும்பங்கள் புதிய குடியேற்றங்களுக்கு மாற்றப்பட்டன. காணியை அரசு கொடுத்தது, வீட்டை உதவி நிறுவனங்கள் கட்டின, படிவத்தில் ‘குடும்பத் தலைவர்’ என்று ஒரு வரி இருந்தது. தாயிடமிருந்து பெற்ற வீட்டைக் கடலுக்குக் கொடுத்த பெண், புதிய வீட்டின் பத்திரத்தில் கணவனின் பெயரைக் கண்டாள். யாரும் திட்டமிட்டு அவளது உரிமையைப் பறிக்கவில்லை. படிவத்தை நிரப்பியவருக்குத் தலைவர் என்றால் ஆண் என்பது கேட்காமலே தெரிந்திருந்தது, அவ்வளவுதான். பெண்ணின் பெயரிலோ, குறைந்தது இருவர் பெயரிலுமோ எழுதுங்கள் என்று பெண்கள் அமைப்புகள் தொடர்ந்து கேட்டன. சில இடங்களில் அது நடந்தது, பல இடங்களில் நடக்கவில்லை. சட்டம் எதுவும் மாறாமலேயே ஒரு தலைமுறைப் பெண்களின் சொத்துரிமை கைமாறியதை நேரில் கண்டவர்களுக்கு, தீர்ப்பு ஒன்றினால் மட்டும் உரிமை நிலைத்துவிடும் என்ற நம்பிக்கை எளிதில் வராது.

நீதிமன்றத்தை அணுகுவதிலும் எங்கள் நிலை வேறு. ஸ்கொட்லாந்துப் பெண்கள் நிறைவேறிய ஒரு சட்டத்தை நீதிமன்றத்துக்கு இழுத்தார்கள். இலங்கையில் சட்டமூலம் சட்டமாகிவிட்டால் அதன் செல்லுபடியை நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியாது. பாராளுமன்றத்தில் முன்வைக்கப்பட்ட குறுகிய காலத்துக்குள் மட்டுமே எதிர்க்கலாம். பழைய சட்டங்களோ அடிப்படை உரிமைகளுக்கு முரணாக இருந்தாலும் செல்லும் என்று அரசியலமைப்பின் 16 ஆம் உறுப்புரை கூறுகிறது. காத்தான்குடியிலும் அக்கரைப்பற்றிலும் முஸ்லிம் பெண்கள் 1951 ஆம் ஆண்டின் விவாக விவாகரத்துச் சட்டத்தைத் திருத்தக் கோரி இத்தனை காலம் போராட வேண்டியிருப்பது இதனால்தான். 2024 இல் பால்நிலைச் சமத்துவச் சட்டமூலம் வந்தபோது, அது முழுமையாகவே அரசியலமைப்பின் 12 ஆம் உறுப்புரைக்கு முரணானது என்றும், மூன்றில் இரண்டு பெரும்பான்மையும் பொதுசன வாக்கெடுப்பும் இன்றி நிறைவேற்ற இயலாது என்றும் எங்கள் உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. சட்டமூலம் அத்தோடு நின்றது. அதே 12 ஆம் உறுப்புரையின் நான்காம் பிரிவு பெண்களின் முன்னேற்றத்துக்குச் சிறப்பு ஏற்பாடுகள் செய்ய இடம் கொடுக்கிறது என்பதை எங்கள் கூட்டங்களில் நான் திரும்பத் திரும்பச் சொல்லிவருகிறேன். அந்தப் பிரிவைப் பிடித்துக்கொண்டு எவ்வளவோ கேட்கலாம்.

திருநங்கையர் பற்றிய கேள்வியைத் தவிர்த்துவிட்டு இதை எழுதுவது நேர்மையாகாது. எங்கள் வட்டத்தில் இதில் ஒரே கருத்து இல்லை. ‘அவர்களும் வீட்டாலும் பொலிசாலும் அடிபட்டவர்கள், நம்மோடு நிற்கட்டும்’ என்பவர்கள் இருக்கிறார்கள். பெண்களுக்கான தங்குமிடம் பெண்களுக்கே என்பவர்களும் இருக்கிறார்கள். நான் இரண்டாவது பக்கம். அடிபட்டு வந்த பெண் உறங்கும் அறை, குளிக்கும் இடம், உடல் சோதனை ஆகியவற்றில் உடலின் பால் ஒரு பொருட்டே இல்லை என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அதே வேளையில், 2016 இலிருந்து இந்நாட்டில் பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் பெற்று அடையாள அட்டையைத் திருத்திக்கொள்ள வழியிருப்பதை எதிர்த்து ஒரு வரியும் நான் எழுத மாட்டேன். அவர்களுக்கெனப் பாதுகாப்பான தங்குமிடம் கேட்பதும் எங்கள் கோரிக்கைப் பட்டியலில் சேர வேண்டும். பெண்களின் உரிமையைக் காக்கிறோம் என்ற பெயரில் பேருந்து நிலையத்தில் ஒரு திருநங்கையை விரட்டுபவர் எங்கள் பிரசாரத்தில் சேராதவர்.

பிரித்தானியாவில் தீர்ப்பு வந்ததும் வேலை முடியவில்லை. பாடசாலைகளுக்கும் சிறைச்சாலைகளுக்குமான வழிகாட்டல்களை ஸ்கொட்லாந்து அரசாங்கம் தீர்ப்புக்கு ஏற்ப மாற்றவில்லை என்று சொல்லி, அதே அமைப்பு அதே ஆண்டு ஓகஸ்ட்டில் மீண்டும் நீதிமன்றத்துக்குச் சென்றது. வென்றவர்கள் சுற்றறிக்கைகளைப் படித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது எனக்கு ஒருவகையில் ஆறுதலாகக்கூட இருந்தது.

நாங்கள் படிப்பது அரச காணிகளுக்கு வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரங்களை. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில் பின்னுரித்து வரிசை, அதாவது உரியவர் இறந்தபின் காணி யாருக்குப் போகும் என்ற ஒழுங்கு, மகன்களை மகள்களுக்கு முன்னே வைத்திருந்தது. 2022 இல் அது திருத்தப்பட்டது. திருத்தம் வந்ததே தெரியாத குடும்பங்கள் படுவான்கரையில் ஏராளம். அனுமதிப்பத்திரம் உடையவர் தன் வாழ்நாளிலேயே பின்னுரித்தாளரைப் பெயர் குறித்துப் பதிவு செய்யலாம் என்பதும் பலருக்குத் தெரியாது. தெரிந்தாலும், தகப்பன் உயிரோடு இருக்கையில் இதைப் பேசுவது அபசகுனம் என்று வாயை மூடிக்கொள்கிறார்கள். ஆகவே இப்போது கலியாணப் பேச்சு நடக்கும் வீடுகளுக்கே முதலில் போகிறோம். சீதனமாக எந்த வீடு என்று பேசும் நேரத்தில், அந்த வீடு நிற்கும் காணியின் அனுமதிப்பத்திரம் யார் பெயரில் இருக்கிறது, பின்னுரித்தாளராக மகளின் பெயர் பதியப்பட்டிருக்கிறதா என்று கேட்டால், அங்கே யாரும் அதை அபசகுனமாக எடுத்துக்கொள்வதில்லை; மாப்பிள்ளை வீட்டாரே பத்திரத்தை எடுத்துவரச் சொல்கிறார்கள்.